ஊருக்குக் கிளம்பும் நண்பருக்கு வீட்டில் ஒரு விருந்து: முதல்முறை சமைப்பவர்களுக்கு

நான் முதன்முதலில் வைத்த வழியனுப்பு விருந்தில் ஏழு வகை செய்தேன். கூடவே தங்கியிருந்த நண்பன் வேலை மாறிக் கிளம்புகிறான், ஒரு குறையும் இருக்கக் கூடாது என்ற நினைப்பு. எட்டுப் பேர் வந்திருந்தார்கள். முன் அறையிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்துகொண்டே இருந்தது. நான் அடுப்படியில் வேர்த்துக் கொட்ட நின்றுகொண்டிருந்தேன். ஏழாவது வகை தட்டுக்கு வந்தபோது மணி 10:30. பசி தாங்காமல் எல்லாரும் முதல் மூன்று வகையிலேயே வயிற்றை நிரப்பிவிட்டிருந்தார்கள். நடுவில் நண்பன் உள்ளே வந்தான். ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, நான் கேட்காமலே பூண்டு உரிக்க ஆரம்பித்தான். அந்த இருபது நிமிடம்தான் அன்றைக்கு நாங்கள் இரண்டு பேரும் பேசியது.

அதற்கப்புறம் எனக்கு ஒரே அளவுகோல்தான். வாசல் மணி அடிக்கும்போது அடுப்பில் என்னைத் தேடும் வேலை எதுவும் இருக்கக் கூடாது. ருசி கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் யாரும் நினைவில் வைத்திருக்கப் போவதில்லை. கிளம்புகிறவர் உங்களோடு உட்கார்ந்து சாப்பிடத்தான் வருகிறார். கீழே சொல்கிற கணக்கு, நேரம், வகை எல்லாம் அந்த ஒன்றை மனதில் வைத்துத்தான். ஆறு பேருக்குச் சமைப்பதாக வைத்துக்கொள்கிறேன். முதல்முறைக்கு ஆறுக்கு மேல் கூப்பிட வேண்டாம்.

நாளைக் குறிப்பது

கிளம்புவதற்கு முந்தின ராத்திரியில் விருந்து வைக்காதீர்கள். கிட்டத்தட்ட எல்லாரும் செய்யும் தவறு இது. அந்த ராத்திரி அவருக்குப் பெட்டியை மூன்றாவது தடவை எடைபோடுகிற ராத்திரி. சார்ஜர் எங்கே, பாஸ்போர்ட் எங்கே என்று தேடுகிற ராத்திரி. உங்கள் வீட்டில் உட்கார்ந்திருந்தாலும் மனம் பெட்டியில்தான் இருக்கும். மூன்று நான்கு நாள் முன்னதாக வைத்துக்கொண்டால் இன்னொரு லாபமும் உண்டு. அதற்குள் அவர் வீட்டு அடுப்படி பாதி காலியாகியிருக்கும். பாத்திரத்தையெல்லாம் கட்டிவிட்டு வெளிச் சாப்பாட்டில் ஓட்டிக்கொண்டிருப்பவருக்கு வீட்டுச் சாப்பாடு என்றாலே அரை விருந்து.

ஏதாவது காரணத்தால் கடைசி ராத்திரிதான் கிடைக்கிறது என்றால், காரமும் எண்ணெயும் குறைத்து, அவர் வயிற்றுக்குப் பழகினதையே செய்யுங்கள். மறுநாள் பத்து மணி நேரம் இருக்கையில் உட்காரப் போகிறவரின் வயிற்றில் புதுப் பரிசோதனை வேண்டாம்.

நாள் முடிவானதும் யாரையும் கூப்பிடுவதற்கு முன் அடுப்படியில் போய் நின்று எண்ணுங்கள். ஒரே மாதிரித் தட்டு எத்தனை, டம்ளர் எத்தனை, பெரிய பாத்திரம் எத்தனை, பர்னர் எத்தனை. இரண்டு பர்னர் இருந்தால் ஒரே நேரத்தில் இரண்டு வேலைதான் நடக்கும். இது தெரியாமல்தான் பலரும் ஐந்து வகைக்குத் திட்டம் போடுகிறார்கள்.

யாரிடம் என்ன கேட்பது

“என்ன சமைக்கட்டும்?” என்று நண்பரிடம் கேட்டால் “எதுன்னாலும் சரி” என்றுதான் பதில் வரும். அதனால் ஒரு பயனும் இல்லை. “கோழியா, மீனா, ரெண்டும் வேண்டாமா?” என்று கேளுங்கள். “நம்ம வீட்டில் சாப்பிட்டதில் உனக்கு எது ஞாபகம் இருக்கு?” என்று கேட்டால் இன்னும் நல்லது. அதற்குச் சில சமயம் எதிர்பாராத பதில் வரும். ஒரு தோழி, மழை நாளில் அவசரத்துக்கு நான் செய்து கொடுத்த வெறும் முட்டைப் பொரியலைக் கேட்டாள். செய்து கொடுத்தேன். அன்றைக்கு முதலில் காலியான தட்டு அதுதான்.

மற்றவர்களிடம் கேட்க வேண்டியது வேறு. இறைச்சி சாப்பிடுவார்களா, எந்த உணவாவது ஒத்துக்கொள்ளாதா என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேட்டுவிடுங்கள். வேர்க்கடலை, முந்திரி பாதாம் மாதிரியான கொட்டைகள், பால், முட்டை, கோதுமை, சோயா, மீன், இறால் நண்டு, எள் ஆகியவைதான் அதிகம் பேருக்கு ஒவ்வாமை தருபவை. அப்படி ஒருவர் இருந்தால் அந்தப் பொருளை அன்றைய சமையலிலிருந்தே விலக்கிவிடுவது எளிது. ஒரு கரண்டியை இரண்டு பாத்திரத்திலும் போட்டுவிடுவோமோ என்று விருந்து முழுக்கப் பயந்துகொண்டிருக்க வேண்டியதில்லை.

நண்பருக்குத் தெரியாமல் திடீர் விருந்து வைக்கலாமா என்று கேட்பார்கள். என்னைக் கேட்டால் வேண்டாம். கிளம்புகிறவருக்கு ஏற்கெனவே ஆயிரம் வேலை. அவர் நாளை நம் இஷ்டத்துக்கு வளைப்பது சரியில்லை.

எத்தனை வகை, எவ்வளவு

நான்கு வகை போதும். ஒரு குழம்பு, சோறு, ஓவனில் வாட்டிய காய், பச்சைக் காய்கறி சாலட். கடைசியில் குளிர்ந்த இனிப்பு ஒன்று. இதில் சாலட்டுக்கு அடுப்பு தேவையில்லை. இனிப்பு முந்தின நாளே முடிந்துவிடும். காய் தானாக வேகும். உங்கள் கவனத்தைக் கேட்பது குழம்பும் சோறும் மட்டும்தான்.

இரண்டு வகையை மட்டும் கண்டிப்பாகத் தவிர்த்துவிடுங்கள். ஒன்று, எண்ணெயில் பொரித்துச் சுடச்சுடப் போட வேண்டியது எதுவும். அது உங்களை வாணலி முன் கட்டிப் போட்டுவிடும். பேசிக்கொண்டே பொரிப்பது ஆபத்தும்கூட. (எண்ணெய் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது. அடுப்பை அணைத்து, மூடியால் மூடிவிட வேண்டும்.) இரண்டாவது, இதுவரை ஒருமுறைகூடச் செய்து பார்க்காத பதார்த்தம். ஆசையாக இருந்தால் ஒரு வாரம் முன்னால் உங்களுக்காக ஒருமுறை செய்து பாருங்கள்.

அளவு விஷயத்தில் புதிதாகச் சமைப்பவர்கள் பயத்தில் இரண்டு மடங்கு வாங்கிவிடுவார்கள். ஒரு ஆளுக்கு அரிசி 80 கிராம். நன்றாகச் சாப்பிடுகிறவர்கள் என்றால் 100. வெந்ததும் எடை கிட்டத்தட்ட மூன்று மடங்காகும். ஆறு பேருக்கு அரைக் கிலோ சரியாக இருக்கும். எலும்போடு கோழி ஆளுக்கு 225 கிராம், எலும்பில்லாமல் என்றால் 150. வாட்டுவதற்குக் காய் ஆளுக்கு 150 கிராம், அது வெந்து சுருங்கும். சாலட்டுக்கு ஆளுக்கு ஒரு கைப்பிடி நறுக்கிய காய்.

வந்தவர்களில் இரண்டு பேர் இறைச்சி சாப்பிடாதவர்கள் என்றால் தனிக் குழம்பு வைக்கத் தேவையில்லை. வெங்காயம், தக்காளி மசாலா ஒன்றாகவே வதக்கி, மூன்றில் ஒரு பங்கைத் தனிப் பாத்திரத்தில் எடுத்து, அதில் வேகவைத்த கொண்டைக்கடலையைப் போடுங்கள். மீதியில் கோழி. ஒரு வதக்கலில் இரண்டு குழம்பு. இந்தக் கணக்கில் கோழி 900 கிராம், காய்ந்த கொண்டைக்கடலை 150 கிராம் போதும்.

முந்தின நாள்

உண்மையான சமையல் இன்றைக்குத்தான் நடக்கிறது. இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள்.

முதலில் கோழி. ஃப்ரீசரில் இருந்தால் அதற்கும் முந்தின நாளே ஃப்ரிட்ஜின் கீழ்த் தட்டுக்கு மாற்றிவிடுங்கள். ஒரு கிலோ துண்டுகள் முழுதாக இளக ஒரு இரவிலிருந்து ஒரு நாள் வரை ஆகும். இதை மறந்து, வெளியே இளகியும் உள்ளே கல்லாகவும் இருந்த தொடைத் துண்டுகளை நான் அப்படியே அடுப்பில் போட்டிருக்கிறேன். மேலே நல்ல நிறம். எலும்போரம் வெட்டிப் பார்த்தால் பச்சை ரத்தம். அவசரம் என்றால் தண்ணீர் புகாத பையில் கட்டி, குளிர்ந்த நீரில் மூழ்கவைத்து, அரை மணிக்கொருமுறை தண்ணீரை மாற்றுங்கள். இளகினதும் உடனே சமைத்துவிட வேண்டும். சமையல் மேடையில் வெறுமனே வைத்து இளக்கக் கூடாது. மேல்பகுதி வெதுவெதுப்பாகிக் கிருமி பெருக ஆரம்பித்திருக்கும்போது நடுப்பகுதி இன்னும் உறைந்தே இருக்கும்.

பச்சைக் கோழியைக் குழாயடியில் கழுவுவதை விட்டுவிடுங்கள். லேசில் விடாத பழக்கம்தான், எனக்கும் விட நாளாயிற்று. கழுவினால் கிருமி போகாது, தெறித்துப் பக்கத்தில் இருக்கும் தக்காளி, கத்தி, தட்டு எல்லாவற்றிலும் ஒட்டும். வேகும் சூடுதான் கிருமியைக் கொல்லும். டிஷ்யூ தாளால் ஒற்றி எடுத்து, உப்பைத் தடவி, மூடி ஃப்ரிட்ஜில் வைத்தால் போதும். உப்பின் அளவு எடையில் நூற்றில் ஒரு பங்கு. 900 கிராமுக்கு 9 கிராம், அதாவது தூள் உப்பு தலை தட்டின ஒன்றரை டீஸ்பூன். ராத்திரி முழுக்க உப்பு உள்ளே இறங்கிவிடும். நாளைக்கு மேலே மட்டும் ருசி, உள்ளே சப்பென்று இருக்காது. மார்புத் துண்டைவிடத் தொடை நல்லது. கொஞ்சம் கூட வெந்தாலும் தொடை வறண்டு போகாது, புதிதாகச் சமைப்பவரை அது மன்னிக்கும். கொண்டைக்கடலையையும் இன்றே ஊறப்போடுங்கள். எட்டு மணி நேரமாவது வேண்டும்.

அடுத்து வெங்காயம். இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டியிருக்கிறது. குழம்பின் ருசியில் பாதி இங்கேதான்.

600 கிராம் வெங்காயத்தை மெலிதாக நறுக்குங்கள். அகலமான, அடி கனத்த பாத்திரத்தில் ஆறு டேபிள்ஸ்பூன் எண்ணெய் ஊற்றி, சூடானதும் வெங்காயத்தையும் அரை டீஸ்பூன் உப்பையும் போடுங்கள். சமையல் குறிப்புகளில் “வெங்காயம் பொன்னிறமாகும் வரை ஐந்து நிமிடம் வதக்கவும்” என்று எழுதியிருப்பார்கள். நம்பாதீர்கள். இந்த அளவுக்கு 25 முதல் 30 நிமிடம் ஆகும். முதல் பத்து நிமிடம் வெங்காயம் வியர்த்துத் தண்ணீர் விடும், ஒன்றும் நடக்காத மாதிரியே இருக்கும். தண்ணீர் இருக்கும்வரை வெங்காயத்தின் சூடு 100 டிகிரி செல்சியஸைத் தாண்டாது. நிறம் மாற ஏறக்குறைய 140 டிகிரி வேண்டும். தண்ணீர் வற்றி, கொதிக்கிற சத்தம் மாறிச் சுரசுரவென்று பொரிகிற சத்தமாகும்போதுதான் ஓரங்கள் சிவக்கத் தொடங்கும். காதைக் கொடுத்தால் இது தெரியும். அடியில் பழுப்பாக ஒட்டினால் ஒரு டேபிள்ஸ்பூன் தண்ணீர் தெளித்துச் சுரண்டிக் கலந்துவிடுங்கள், அந்த ஒட்டலில்தான் ருசி இருக்கிறது. கறுப்பாக ஒட்டினால் தீ அதிகம்.

பாத்திரம் நிறைய இருந்த வெங்காயம் கால்வாசியாகச் சுருங்கிப் பழுப்பானதும், அரைத்த இஞ்சியும் எட்டுப் பல் பூண்டும் போட்டு இரண்டு நிமிடம். தீயைக் குறைத்து, உங்கள் கைக்குப் பழகின மசாலாப் பொடி போட்டு ஒரு நிமிடம். பொடி சீக்கிரம் கருகும், அதனால் இந்த ஒரு நிமிடம் போனை எடுக்காதீர்கள். பிறகு 600 கிராம் தக்காளியை நறுக்கிப் போட்டு, 15 நிமிடம் கிளறிக் கிளறி வேகவிடுங்கள். கரண்டியால் ஒதுக்கினால் ஓரத்தில் எண்ணெய் பிரிந்து நிற்க வேண்டும். அவ்வளவுதான். அணைத்துவிட்டு, இரண்டு அகலமான டப்பாக்களில் பரப்பி ஆறவிடுங்கள். ஒரே பெரிய பாத்திரத்தில் விட்டால் நடுவில் மணிக்கணக்கில் சூடு தங்கும். சமைத்த எதையும் இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் சேர்த்துவிடுவது நல்லது. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில்தான் கிருமிகள் வேகமாகப் பெருகும்.

மசாலா ஆறுவதற்குள் இனிப்பை முடித்துவிடலாம். ஒரு லிட்டர் பாலில் ஒரு டம்ளரை ஆறின பாலாகவே தனியாக எடுத்து, அதில் 60 கிராம் சோளமாவை (கார்ன்ஃப்ளோர்) கட்டியில்லாமல் கரையுங்கள். சூடான பாலில் மாவைப் போட்டால் உருண்டை உருண்டையாகும், அப்புறம் வடிகட்டிதான் கதி. மீதிப் பாலை 120 கிராம் சர்க்கரையும் ஒரு சிட்டிகை உப்பும் போட்டுக் கொதிக்கவைத்து, கரைத்ததை ஊற்றிக் கைவிடாமல் கிளறுங்கள். கெட்டியானதும் இரண்டு நிமிடம் கொதித்தால் மாவு வாசனை போய்விடும். அந்த நேரத்தில் ருசி பார்த்தால் கொஞ்சம் அதிகமாகத் தித்திக்கும், பயப்பட வேண்டாம். குளிர்ந்தபின் நாக்குக்கு இனிப்பு குறைவாகத்தான் தெரியும். டம்ளர்களில் ஊற்றி, ஆறினதும் மூடி ஃப்ரிட்ஜில் வையுங்கள். நாளைக்குப் பரிமாறும்போது மேலே நறுக்கின பழம் போட்டால் முடிந்தது.

படுக்கப் போகுமுன் இன்னும் ஒரு வேலை. காலியான பாத்திரம், தட்டு, கரண்டிகளை எடுத்து வைத்து, எதில் எது என்று ஒரு துண்டுத் தாளில் எழுதிப் பாத்திரத்துக்குள் போட்டுவிடுங்கள். சிரிப்பாகத்தான் இருக்கும். நாளைக்கு ஏழு மணிக்குச் சோற்றை எதில் போடுவது என்று நீங்கள் அலமாரியைக் குடையும்போது சிரிப்பு வராது.

விருந்து நாள்

எல்லாரும் 7 மணிக்கு வருகிறார்கள், 7:45-க்குச் சாப்பாடு என்று வைத்துப் பின்னாலிருந்து எண்ணுவோம்.

மாலை 4:30. கொண்டைக்கடலையைக் குக்கரில் போட்டுவிட்டுக் காய்களை நறுக்குங்கள். உருளைக்கிழங்கு, கேரட், காலிஃபிளவர், குடைமிளகாய் எதுவானாலும் சரி, துண்டுகள் ஒரே அளவில் இருந்தால்தான் ஒன்றாக வேகும். சாலட் காயையும் நறுக்கி மூடி ஃப்ரிட்ஜில் வைக்கலாம். ஆனால் உப்பும் எலுமிச்சையும் இப்போது போடாதீர்கள். உப்பு காயிலிருக்கும் தண்ணீரை இழுத்துவிடும். சாப்பிடும்போது வெள்ளரிக்காய் குளத்தில் மிதந்துகொண்டிருக்கும். சாலட் நறுக்கும் பலகையும் கத்தியும் பச்சைக் கோழி தொடாததாக இருக்கட்டும். ஒரே பலகைதான் என்றால் காயை முதலில் நறுக்கிவிடுங்கள்.

5:15. கோழி. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து மேல் ஈரத்தை ஒற்றி எடுங்கள். வாணலியில் எண்ணெய் நன்றாகக் காய்ந்ததும் துண்டுகளை இடைவெளி விட்டு அடுக்குங்கள். எல்லாவற்றையும் ஒரே தடவையில் கொட்டினால் ஈரம் ஆவியாகப் போக வழியின்றி, வறுபடாமல் வெந்து வெளுத்துப்போகும். இரண்டு மூன்று தடவையாகப் போடுங்கள், ஒரு பக்கத்துக்கு நாலைந்து நிமிடம். போட்டவுடன் புரட்ட முயன்றால் துண்டு வாணலியைப் பிடித்துக்கொண்டு வராது. சிவந்ததும் தானாக விடும். அதுவரை விட்டுவிடுங்கள். இப்போது உள்ளே வெந்திருக்காது, வேக வேண்டியதும் இல்லை.

5:45. நேற்றைய மசாலாவில் மூன்றில் இரண்டு பங்கைச் சூடாக்கி, கோழியைப் போட்டு, இரண்டு டம்ளர் வெந்நீர் ஊற்றி மூடி, சிறு தீயில் 35 முதல் 40 நிமிடம். தளதளவென்று கொதிக்க வேண்டாம், அங்கங்கே ஒரு குமிழி வந்தால் போதும். இன்னொரு பர்னரில் மீதி மசாலாவும் கடலையும் 20 நிமிடம். கோழி வெந்ததா என்று பார்க்க, இருப்பதிலேயே பருமனான துண்டை எலும்போரம் கீறிப் பாருங்கள். வடியும் சாறு தெளிவாக இருக்க வேண்டும், சிவப்பு இருக்கக் கூடாது. உணவு வெப்பமானி இருந்தால் அதுதான் நம்பகம். நடுவில் 74 டிகிரி காட்டினால் முடிந்தது. கடைசியில் ருசி பார்த்து உப்பைச் சரிசெய்து, அரை எலுமிச்சையைப் பிழியுங்கள். குழம்பில் ஏதோ குறைகிறது, என்னவென்று தெரியவில்லை என்று தோன்றும்போது பெரும்பாலும் குறைவது புளிப்புதான், உப்பு இல்லை.

6:25. சோறு. ஒரு கப் அரிசிக்கு இரண்டு கப் தண்ணீர் என்று பழகியவர்கள், நாலு கப்புக்கு எட்டு கப் ஊற்றிக் குழையவிட்டு முழிப்பதைப் பார்த்திருக்கிறேன். அரிசி உறிஞ்சுவது ஏறக்குறைய தன் அளவுக்கான தண்ணீரைத்தான். மீதி ஆவியாகப் போவது. எவ்வளவு ஆவியாகும் என்பது பாத்திரத்தின் வாயையும் கொதிக்கும் நேரத்தையும் பொறுத்தது. அரிசி நாலு மடங்கானால் ஆவி நாலு மடங்காகாது. இந்தத் தலைவலியே வேண்டாம் என்றால் வடித்துவிடுங்கள். அரைக் கிலோவுக்கு நாலு லிட்டர் தண்ணீர் கொதிக்கவைத்து, உப்புப் போட்டு, கழுவின அரிசியைப் போடுங்கள். பச்சரிசி என்றால் 10 நிமிடத்திலிருந்து ஒரு பருக்கையை எடுத்து நசுக்கிப் பாருங்கள். புழுங்கலுக்கு இன்னும் நேரம் வேண்டும். நடுவில் ஊசிமுனை அளவு வெள்ளைப் பொட்டு தெரியும்போதே வடித்து, மூடி வைத்தால் மீதியைச் சூடு பார்த்துக்கொள்ளும். மூடிக்கு அடியில் ஒரு துணி கட்டினால் ஆவி சொட்டிச் சோறு நசநசக்காது. சாப்பாட்டு நேரம்வரை சூடு தாங்கும்.

6:50-க்குக் குளிக்கப் போங்கள். இதைத் திட்டத்தில் எழுதிவைக்காவிட்டால் நடக்காது.

7 மணிக்குக் காய்த் துண்டுகளில் எண்ணெயும் உப்பும் மிளகும் பிசறி, தட்டில் ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் பரப்பி, 220 டிகிரி ஓவனில் தள்ளிவிடுங்கள். 35, 40 நிமிடத்தில் ஓரம் கருகலாக இருக்கும். ஓவன் இல்லையா, குழம்பு வேகும்போதே அகல வாணலியில் மூடிபோட்டு வாட்டி எடுத்துவிடலாம். ஆறினாலும் நன்றாகத்தான் இருக்கும்.

மணி அடிக்கிறது. குழம்பு சிறு தீயில், சோறு மூடியபடி, காய் ஓவனில். போய்க் கதவைத் திறங்கள்.

கெட்டுப்போனால்

அடிப்பிடித்துவிட்டதா? கிளறாதீர்கள், சுரண்டாதீர்கள். அடுப்பை அணைத்து, மேலே இருப்பதை மட்டும் மெல்ல வேறு பாத்திரத்துக்கு மாற்றுங்கள். ருசி பார்த்துப் புகை வாசனை இல்லையென்றால் ஒன்றும் நடக்கவில்லை என்று இருந்துவிடலாம்.

உப்பு கூடிவிட்டால் உருளைக்கிழங்கைப் போட்டால் உறிஞ்சிவிடும் என்பார்கள். உருளைக்கிழங்கு குழம்பைத்தான் உறிஞ்சும், உப்பைத் தனியாகப் பிரித்து எடுக்காது. உப்பில்லாத எதையாவது சேர்த்து அளவைக் கூட்டுவதுதான் வழி. அது வெந்நீராகவும் இருக்கலாம், உப்பில்லாமல் வேகவைத்த கிழங்காகவும் இருக்கலாம். காரம் கூடினால் தண்ணீர் உதவாது, மிளகாயின் காரப்பொருள் தண்ணீரில் கரையாது. தயிர், பால், க்ரீம் உதவும். தயிரைக் கொதிக்கும் குழம்பில் ஊற்றினால் திரிந்துவிடும். ஒரு கரண்டிக் குழம்பைத் தயிரில் கலந்து வெதுவெதுப்பாக்கிவிட்டு ஊற்றுங்கள்.

கோழி பச்சையாக இருந்தால் கூச்சப்படாமல் “இன்னும் பதினைந்து நிமிஷம்” என்று சொல்லிவிட்டுத் திரும்ப அடுப்பில் வையுங்கள். சாலட்டைக் கொறிக்கச் சொல்லுங்கள். எல்லாமே கைவிட்டுப் போனால் முட்டை இருக்கிறது, பத்து நிமிட வேலை. அதனால் எப்போதும் ஒரு டஜன் வாங்கி வைத்துவிடுவேன்.

நண்பருக்கு ஒரு வேலை

நண்பர் வந்ததும் “நான் ஏதாவது செய்யட்டுமா?” என்று கேட்பார். “வேண்டாம், நீங்க உட்காருங்க” என்று சொல்லும் வாயை அடக்கிக்கொள்ளுங்கள். அந்தப் பூண்டுக்கு அப்புறம் நான் வேண்டுமென்றே ஒரு வேலையை மிச்சம் வைக்கிறேன். சாலட்டுக்கு எலுமிச்சை பிழிவது, இனிப்பின் மேல் போடப் பழம் நறுக்குவது, இப்படிக் கெடுக்க முடியாத வேலையாக ஒன்று. இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் நின்று கையில் வேலையோடு இருக்கும்போது, நேருக்கு நேர் உட்கார்ந்தால் வராத பேச்செல்லாம் வரும். போகிற இடத்தில் வீடு கிடைத்ததா, பயமாக இருக்கிறதா, யாரிடம் இன்னும் சொல்லவில்லை என்பதெல்லாம் எனக்கு எலுமிச்சை பிழியும்போது தெரிந்ததுதான்.

சாப்பிடும்போது பாத்திரங்களை மேசை நடுவில் வைத்து அவரவர் போட்டுக்கொள்ளட்டும். நீங்கள் நின்று பரிமாற ஆரம்பித்தால் கடைசிவரை உட்கார மாட்டீர்கள். தண்ணீரும் இரண்டு கரண்டியும் உங்கள் இருக்கைக்குப் பக்கத்திலேயே இருந்தால் எழும் வேலையும் குறையும். குழம்பைப் பற்றி நீங்களே குறை சொல்லாதீர்கள். “உப்பு கொஞ்சம் கம்மியோ” என்று ஆரம்பித்தால் ஆறு பேரும் உங்களைச் சமாதானப்படுத்தவே அரை மணி போய்விடும்.

மிச்சமும் பொட்டலமும்

சாப்பிட்டு முடித்ததும் பேச்சில் மூழ்குவதற்கு முன் ஐந்து நிமிடம் எழுந்து, மீந்ததை அகலமான டப்பாக்களில் ஃப்ரிட்ஜுக்குள் தள்ளிவிடுங்கள். சோற்றில் குறிப்பாகக் கவனம் வேண்டும். அரிசியில் இருக்கும் பேசிலஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் கொதித்தாலும் சாவதில்லை. சோறு வெளியே வெதுவெதுப்பாகக் கிடந்தால் முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்கும். அந்த நஞ்சு மறுநாள் சுடவைத்தாலும் போகாது. ஃப்ரிட்ஜில் வைத்த சோற்றை மறுநாளே, நன்றாக ஆவி பறக்க ஒரே தடவை சுடவைத்துத் தீர்த்துவிடுங்கள்.

நண்பர் கையில் பொட்டலம் கொடுப்பதாக இருந்தால் நாளைக்குச் சாப்பிட்டு முடிக்கிற அளவு கொடுங்கள், திருப்பித் தர வேண்டாத டப்பாவில். கிளம்பும் வாரத்தில் உங்கள் டப்பாவைத் திருப்பிக் கொடுக்கும் கடனையும் அவர் தலையில் ஏற்ற வேண்டாம். பயணத்துக்கென்று கனமான ஊறுகாய் பாட்டிலும் குழம்பும் கட்டிக் கொடுக்கும் ஆசையையும் அடக்குங்கள். பெட்டியின் எடையில் அவர் நூறு நூறு கிராமாகக் கழித்துக்கொண்டிருப்பார். விமானத்தில் கைப்பையில் திரவம் கொண்டுபோகக் கட்டுப்பாடு உண்டு. பல நாடுகளில் இறைச்சி, பால் பொருள், பழங்களை எல்லையிலேயே பிடுங்கிவிடுவார்கள். உலர்ந்த தின்பண்டம் கொஞ்சம், வழியில் தின்று தீர்க்கும் அளவு கொடுத்தால் போதும்.

பெரும்பாலும் பொட்டலம் எதிர்த் திசையில்தான் வரும். பாதி தீர்ந்த மசாலாப் பொடி, திறக்காத எண்ணெய் பாக்கெட், ஒரு பெரிய வாணலி எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு “எனக்கு இனி வேண்டாம், நீ வெச்சுக்கோ” என்று கொண்டுவருவார். வாங்கிக்கொள்ளுங்கள்.

கடைசியாகப் பாத்திரம். அடிப்பிடித்ததில் தண்ணீரும் ஒரு ஸ்பூன் சமையல் சோடாவும் போட்டு ஒரு கொதி விட்டு அப்படியே காலைவரை ஊறட்டும். மற்றதையும் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் எல்லாரும் போனபிறகு நண்பர் மட்டும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு தொட்டி முன் போய் நின்றால் தடுக்காதீர்கள். அவர் தேய்க்கட்டும், நீங்கள் பக்கத்தில் நின்று துடைத்து வையுங்கள். மெதுவாகவே துடையுங்கள்.